மஞ்சள் பட்ட தினார்

வெயிலில் காய்கிற மஞ்சளுக்கு ஒரு வாசனை உண்டு. அது சமையல்கட்டு வாசனையும் இல்லை, பூசிக் குளித்த முகத்தின் வாசனையும் இல்லை. சூடேறிய காகிதத்தோடு சேரும்போது அதில் லேசாக ஒரு கசப்பு ஏறிவிடும். அந்த வாசனை மூக்கில் பட்டால் இந்த வயதிலும் என் கை தானாக எதையோ அமுக்கிப் பிடிக்கத் தேடுகிறது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பத்து வயதில், கள்ளக்குறிச்சியில் ஒரு மொட்டைமாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பதினொரு குவைத் தினார் நோட்டுகளை வெயிலில் காய வைத்துக் காவல் காத்தவள் நான்.

அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் சமையல், துணி, பிள்ளை என்று எல்லா வேலைக்கும் ஒரே ஆளாக இரண்டு வருடம் இருந்தாள். தொண்ணூறில் அங்கே சண்டை வந்து, அந்த வீட்டுக்காரர்கள் காரில் ஏறித் தப்பியபோது, மீதிச் சம்பளம் என்று இருபது தினார் நோட்டுகள் பதினொன்றை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்களாம். அவற்றைப் பாவாடையில் நாடா கோக்கிற மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு, லாரியிலும் பாலைவனத்துக் கூடாரத்திலும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து, விமானத்தில் பம்பாய் வந்து, அங்கிருந்து ரயிலேறி வந்து சேர்ந்தாள். எங்கள் தெருவில் இறங்கியபோது அவளிடம் இருந்தது அந்தப் பாவாடையும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான். நான் அவளை அடையாளம் தெரியாமல் அப்பாவின் பின்னால் போய் நின்றேன் என்று பிற்பாடு ஊரே சொல்லிச் சிரித்தது.

வந்த வார வெள்ளிக்கிழமை, அப்பா அந்த நோட்டுகளைப் பாவாடையிலிருந்து பிரித்தெடுத்து சாமி படத்தின் முன்னால் வரிசையாக வைத்தார். எங்கள் வீட்டில் புதிதாக எது நுழைந்தாலும் முதல் மரியாதை மஞ்சளுக்குத்தான். சைக்கிள் வந்தால் ஹேண்டில்பாரில், பள்ளிப் புத்தகம் வந்தால் முதல் பக்கத்தில், அரிசி மூட்டை வந்தால் மூட்டையின் வாயில். வேற்று நாட்டுக் காசு மட்டும் அதற்கு விலக்கா என்ன? மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, ஒவ்வொரு நோட்டுக்கும் நாலு மூலையிலும், முன்னும் பின்னும் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பாய்மரக் கப்பலும் பருந்துமாக இருந்த முத்திரை மங்கலகரமாக ஆகிவிட்டது. அம்மாவும் கும்பிட்டாள், நானும் தம்பியும் கும்பிட்டோம். யாருக்கும் அதில் ஒரு தப்பும் தோன்றவில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்தவரை அந்தக் காசை எவரும் சீந்தவில்லை. டவுன் பேங்கில் மெட்ராசுக்குப் போகச் சொன்னார்கள்; மெட்ராசுக்குப் போன அப்பாவை அங்கே பொறுத்திருந்து பார்க்கச் சொன்னார்கள். பொறுத்தோம். அம்மா அரிசி மில்லில் நெல் காய வைக்கிற வேலைக்குப் போனாள். அப்பா அதே மில்லில் மூட்டை தூக்கினார். நோட்டுகள் மஞ்சள் துணியில் முடிந்தபடி டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. அவற்றை நம்பித்தான் கச்சிராயபாளையத்தில் ஒரு விவசாயியிடம் இரண்டு கறவை மாடுகளைப் பார்த்துப் பேசிவைத்திருந்தோம். ஆவணி முடியும்வரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பதினொரு நோட்டும் மாறினால் இரண்டு மாடும் ஒரு கொட்டகையும் ஆகும். இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் ஆறு வயதுத் தம்பி உட்பட எல்லோருக்கும் மனப்பாடம்.

அடுத்த ஆடியில்தான் யூசுப் பாய் சொல்லியனுப்பினார். கடைவீதியில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருந்தவர் அவர். அம்மாவுக்கு முதலில் விசா வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவருடைய தங்கை மகன் அன்வர் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கே புது நோட்டு அடித்துவிட்டார்களாம், பழைய நோட்டுகளைக் கெடுவுக்குள் அங்குள்ள பேங்கில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம், கெடு தாண்டினால் அது வெறும் காகிதமாம். அன்வர் அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார், கொடுத்தால் மாற்றிப் பணமாக அனுப்பிவிடுவார் என்றார் பாய். அம்மா அங்கேயே முடிச்சை அவிழ்த்தாள். பாய் ஒரு நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

"இன்னாம்மா கோவிந்தம்மா, காசுக்கு நலுங்கு வெச்சிக்கினு வந்துக்கிறீங்க? அங்க ஒரு பேனாக் கோடு இருந்தாக்கூட திருப்பிக் குடுத்துர்றானாம். இத்த வெளுக்க வெச்சி எடுத்துக்கினு வாங்க. வியாழக்கெழமைக்குள்ள."

எட்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, தான் செய்த காரியத்தைத் தானே சரிசெய்கிற வேகத்தில், ஒரு நோட்டின் மூலையில் துணி சோப்பை வைத்துத் தேய்த்தார். மஞ்சளில் சோப்பு பட்டால் என்ன ஆகும் என்று பெண்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மூலை ரத்தமாகச் சிவந்துவிட்டது. அப்பா கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டார். அம்மா நோட்டை எடுத்து நல்ல தண்ணீரில் அலசி, முந்தானையில் ஒற்றி, பழையபடி மஞ்சளானதும் பெருமூச்சு விட்டு, குங்குமம் தட்டினால் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை வெயிலுக்கு மட்டும்தான் போகும் என்றாள். நெல் காய வைக்கிறவளுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்களுடையது ஓட்டு வீடு. பக்கத்து மாடி வீட்டுக்காரர்களைக் கேட்டு அவர்களுடைய மொட்டைமாடியைப் பிடித்தோம். ஆனால் அது ஆடி மாதம். மேற்கே கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வருகிற காற்று கோழிக்குஞ்சையே உருட்டிக்கொண்டு போகும். கல் வைத்தால் கல்லுக்குக் கீழே இருக்கிற இடம் வெளுக்காது. அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த அவளும் அப்பாவும் நிற்கிற கல்யாணப் போட்டோவைக் கழற்றி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியை மட்டும் உருவினாள். மாடித் தரையில் வெள்ளை வேட்டியை நாலாய் மடித்து விரித்து, அதன்மேல் பதினொரு நோட்டு, அதன்மேல் கல்யாணக் கண்ணாடி. நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.

"கண்ண எடுக்காத புள்ள. அரை மணிக்கு ஒரு தரம் பெரட்டிப் போடு, நெல்லு மாதிரி. ஒண்ணு போனா கால் மாடு போயிடும்."

முதல் மூன்று நாள் நான் காத்த காவலை எல்லைச்சாமிகூடக் காத்திருக்காது. தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கவில்லை. காக்கை உட்கார்ந்தால் எழுந்து நின்றேன், மாடி வீட்டுப் பூனை படியேறினால் செருப்பை எறிந்தேன், காற்று வீசும்போதெல்லாம் கண்ணாடியின் நாலு மூலையிலும் கையும் காலுமாகக் கவிழ்ந்துகொண்டேன். கண்ணாடி சுட்டு முழங்கை சிவந்துபோயிருந்தது. புரட்டுகிற நேரம்தான் பெரிய கண்டம். ஒரு கையால் கண்ணாடியைத் தூக்கி, இன்னொரு கையால் ஒவ்வொன்றாகத் திருப்பி, அது முடிகிறவரை மூச்சே விடமாட்டேன். சாயங்காலம் அம்மா மில்லிலிருந்து நேராக மாடிக்கு வருவாள், மூலைகளைப் பார்ப்பாள். கெட்டி மஞ்சள் எலுமிச்சை நிறமாக இறங்கிக்கொண்டிருந்தது. "வந்துரும்" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்னும் முப்பது நாள் காய்ந்திருப்பேன்.

நாலாம் நாள் மத்தியானம், இவ்வளவு வெளுத்தால் போதுமா என்று கேட்க ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அம்மா பாய் கடைக்குப் போனாள், தம்பியைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு நானும் போனேன். இன்னும் கொஞ்சம் என்றார் பாய். பிறகு கல்லாவிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அம்மா வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்களாம், அன்வரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்களாம், அவளையே மறுபடி வரச் சொல்கிறார்களாம், டிக்கெட்டும் அவர்களே போடுவார்களாம். அம்மா கடிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"மொதல்ல நோட்டு மாறட்டும் பாய். அதுக்கப்பறம் சொல்றன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. அந்த வார்த்தை என் தலைக்குள் போய் வேறு ஒன்றாக உட்கார்ந்துகொண்டது. ஏன் அப்படி ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன், என்னை மொத்தமாக முட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை குவைத் போகுமுன் அம்மா வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினாள்: ஓடு மாற்றினாள், ஆறு மாதத்துக்கு அரிசி வாங்கி நிரப்பினாள், எனக்கு இரண்டு பாவாடை சட்டை தைத்தாள், தம்பிக்குப் பால் மறக்கடித்தாள். எல்லாம் ஒழுங்கான மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டாள். ஆக, அம்மா ஒழுங்குபடுத்துகிறாள் என்றால் கிளம்பப் போகிறாள் என்று அர்த்தம். இப்போது இரண்டு மாடு, ஒரு கொட்டகை. நோட்டு மாறும், மாடு வரும், எங்கள் வயிற்றுக்கு வழியாகிவிடும், அவள் போய்விடுவாள். வெளுக்க வெளுக்க அவள் போகிற நாள் நெருங்குகிறது. அதை நானே புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள், அம்மாவின் தலை தெருமுனையில் மறைந்ததும், மாடி மூலையில் கிடந்த ஒரு கோணிச் சாக்கை எடுத்துக் கண்ணாடியின்மேல் போர்த்தினேன். காற்றுக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தேன். பிறகு கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டேன். திருடுவதைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிறேன் என்று தெரிந்துதான் இருந்தது. மாலையில் மில் சங்கு ஊதியதும் சாக்கை எடுத்து மறைத்துவிட்டேன். அம்மா வந்தாள், மூலைகளைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். இன்றைக்கு வெயில் கம்மியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாள் முழுக்க அதே வெயிலில் களத்தில் நின்றுவிட்டு வந்தவளிடம் அப்படிச் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குக் கீழே ஈரம் கோத்துக்கிடக்கிறதோ என்று வேட்டியைத் தடவிப் பார்த்தாள். ஆறாம் நாளும் அதே சாக்கு, அதே பொய். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. காய்ச்சல் என்று நினைத்து அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழாம் நாள், புதன்கிழமை, மத்தியானத்துக்குச் சற்று முன்னால் காற்று வந்தது. முதலில் தென்னை ஓலைகளின் சத்தம், பிறகு தெருப் புழுதி, அதன்பின் ஒரே மூச்சில் அது மாடிமேல் ஏறியது. சாக்கு ஒரு பக்கமாக உப்பிக்கொண்டு எழுந்தது. அதன்மேல் இருந்த செங்கல் சரிந்து கண்ணாடியின் நடுவில் விழுந்தது. கண்ணாடி உடைந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. பதினொரு நோட்டும் கிளம்பிவிட்டன.

மூன்று நாளாக எந்த நோட்டு வீணாகிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேனோ, அந்த நோட்டுகளின் பின்னால் நான் ஓடின ஓட்டம்! அழுதுகொண்டே ஓடினேன். கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்ட நாலைப் பாய்ந்து அமுக்கினேன். படியில் இறங்கியது இரண்டு, தெருவில் மாட்டு வண்டிக்கு அடியில் ஒன்று, எதிர்வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் இரண்டு. குதிகாலில் கண்ணாடி குத்தியிருப்பதைப் படிகளில் பதிந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சாக்கடை ஓரத்தில் ஒன்று விழப்போகிற நிலையில் கிடந்தது, அதையும் பிடித்துவிட்டேன். பத்து. பதினொன்றாவது முருங்கை மரத்தின் உச்சிக் கிளையில், காய்க்கும் இலைக்கும் நடுவில் படபடத்துக்கொண்டிருந்தது. எட்டாத உயரம். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு, விட்டுவிடாதே, விட்டுவிடாதே என்று அந்த மரத்திடம் கெஞ்சினேன்.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்த அம்மா தெருவிலேயே என்னைப் பார்த்துவிட்டாள். துரட்டியை எடுத்துக்கொண்டு வந்து, இலையோடு சேர்த்து அந்த நோட்டை மெதுவாக வளைத்து இறக்கினாள். என் காலில் இருந்த கண்ணாடிச் சில்லைப் பிடுங்கி, புண்ணில் மஞ்சளை வைத்து அழுத்தினாள். பிறகு மாடிக்குப் போனாள். சாக்கு கைப்பிடிச் சுவரில் மாட்டிக்கொண்டு கிடந்தது, செங்கல் உடைந்த கண்ணாடிமேல் கிடந்தது. அவள் கையில் இருந்த நோட்டுகளின் மூலையைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள். நாலு நாள் வெயில் எது, ஆறு நாள் வெயில் எது என்று அவளுக்குத் தெரியாதா?

நான் அழுகையும் விக்கலுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிதத்தைக் கேட்டது, மாடு வந்ததும் நீ போய்விடுவாய் என்று நினைத்தது, மூன்று நாளாகச் சாக்கு போட்டது. அடி விழும் என்று கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நோட்டு மாறி மாடு வந்துட்டா நான் எதுக்குடி போவப் போறன்? போவமாட்டன்னு சொல்றதுக்குத்தான்டி காத்துக்கினு இருந்தன்."

திட்டியிருந்தால் அந்தத் திட்டு எப்போதோ ஆறிப்போயிருக்கும். இது ஆறவில்லை.

அன்றைக்கு மீதி இருந்த வெயிலில், கண்ணாடி இல்லாமல், நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து நோட்டுகளை விரல்களால் பிடித்துக்கொண்டே காய வைத்தோம். அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டாள். இரண்டு பேருக்கும் இருபது விரல்தான், பதினொரு நோட்டுக்குப் பற்றவில்லை; பின்பு தம்பியும் வந்து உட்கார்ந்தான். வியாழன் காலையில் மேகம். பாய் கடையில் பார்த்தபோது சில நோட்டுகள் நன்றாகவே வெளுத்திருந்தன. மஞ்சள் கெட்டியாக விழுந்திருந்த சிலவற்றில் மூலைகள் பழுத்த இலைபோல இருந்தன. பாய் அவற்றை ஒரு கவரில் போட்டு ஒட்டினார்.

அதன்பின் ஒன்றரை மாதம். ஆவணி முடிந்துகொண்டே வந்தது, கச்சிராயபாளையத்துக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார், அம்மா மில்லிலிருந்து வருகிற வழியில் தினமும் பாய் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தாள். கடைசியில் பாய் தாமே வீடு தேடி வந்தார். ஏழு நோட்டு மாறிவிட்டது, பணம் இதோ என்றார். மீதி நாலு நோட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"மஞ்ச தெரியுதுன்னு திருப்பிட்டானாம்மா. அன்வரு எவ்ளோ கேட்டும் முடியாதுன்ட்டான். கெடுவும் இன்னிக்கோட முடிஞ்சிபோச்சி."

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஏழு நோட்டுக்கு ஒரு மாடு வந்தது. ஒரு மாட்டுப் பாலில் நாலு பேர் எப்படி நிற்பது என்று அப்பாவும் அம்மாவும் பல நாள் பேசினார்கள். தை பிறந்ததும் அம்மா ஓடு மாற்றினாள், அரிசி வாங்கி நிரப்பினாள், எனக்கு இரண்டு பாவாடை சட்டை தைத்தாள். அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த முறை நாலு வருடம். நான் பெரியவளானது அவள் இல்லாத வீட்டில்தான். அந்தச் செய்தியை அவளுக்கு அப்பா கடிதத்தில் எழுதினார். அப்பா அதற்குப் பிறகு சாகிறவரை எந்தக் காசுக்கும் மஞ்சள் வைக்கவில்லை. மாட்டுக்கு வைத்தார், எனக்கு வைத்தார், காசுக்கு மட்டும் இல்லை.

மறுபடி குவைத்துக்குக் கிளம்புகிற வாரம் அம்மா அந்தக் கல்யாணப் போட்டோவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாள். எதற்கும் ஆகாத நாலு நோட்டுகளையும் போட்டோவின் கீழே வரிசையாக வைத்து, சேர்த்து அடைத்து, வாசலுக்கு நேரே வெளிச்சம் படுகிற சுவரில் மாட்டினாள். அப்பா கிண்டலாக அதைக் குவைத் பேங்க் என்பார்.

போன மாதம் சிங்கப்பூரில் இருக்கிற மகனைப் பார்த்துவிட்டு வந்தேன். செலவழியாத நோட்டுகள் கொஞ்சம் கைப்பையில் இருந்தன. விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண் அவற்றை ஒரு மிஷினில் விட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரூபாயை நீட்டினாள்; நானோ வரிசையில் நின்றபோதே ஒவ்வொரு நோட்டின் மூலையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நோட்டை மட்டும் அம்மாவுக்குக் காட்டக் கொண்டுவந்தேன். அவள் அதை விரலால் வழித்துப் பார்த்தாள். இப்போது அங்கே நோட்டு பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக இருக்கிறது. "இதுல மஞ்ச ஒட்டாது" என்று சிரித்தாள். யூசுப் பாய் இல்லை, அந்தக் கடை இப்போது செல்போன் கடை. மாடி வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள், முருங்கை நின்ற இடத்தில் அதன் படிக்கட்டு. நாங்கள் மாடு வைத்திருந்ததைச் சொன்னால் அம்மாவின் பேரப்பிள்ளைகள் எங்கே கட்டியிருந்தீர்கள் என்று கேட்கிறார்கள்.

இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குக் கேட்டுவிட்டேன். நான் சாக்கு போடாமல் இருந்திருந்தால் நீ போயிருக்கமாட்டாய் அல்லவா அம்மா? அவள் கையிலிருந்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மஞ்சளுக்கோசரம் ஒண்ணும் திருப்பல. நம்பரு சரியில்லன்னு திருப்பனான். பாய்தான் மாத்திச் சொல்லிட்டாரு."

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் நம்பியதுபோல் தலையாட்டினேன். பிறகு எழுந்து போய்ச் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி, துடைக்கிற சாக்கில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கப்பலும் பருந்தும் மங்கியிருந்தன. நாலு நோட்டிலும் ஒரு மூலையில்கூட மஞ்சள் இல்லை. முப்பது வருட வெயிலில் சுத்தமாக வெளுத்துப்போயிருந்தன.